மாறும் நாயகன், மாறாத எதிரிகள்: ‘டாக்டர் ஹூ’ தொடரில் மீண்டும் மீண்டும் வருவோர்

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’, அறுபது ஆண்டுகளைத் தாண்டி வாழும் அறிவியல் புனைகதைத் தொடர். 1989 வரை 26 பருவங்கள் ஓடி நின்றது. 1996இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படமாகத் தலைகாட்டியது. 2005இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரைத் தளமாகக் கொண்டு மறுபடி தொடங்கியது. டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசி ஒருவர், வெளியிலிருந்து பார்த்தால் நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டியாகத் தோன்றும் டார்டிஸ் என்ற கலத்தில் ஏறிக் காலங்களுக்கும் கோள்களுக்கும் இடையே பயணம் செய்கிறார். தொடரின் அடிப்படை இவ்வளவுதான்.

இந்த அமைப்பில் நிலையானது என்று எதையும் சொல்லிவிட முடியாது. களம் கதைக்குக் கதை மாறும். டாக்டருடன் பயணம் செய்பவர்கள் ஓரிரு பருவங்களில் விடைபெறுவார்கள். சாகும் தறுவாயில் டாக்டர் புத்துருக் கொள்வதால் நாயகனின் முகம், குரல், குணம் எல்லாமே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடும். மற்றத் தொடர்களில் நாயகன் நிலைத்திருக்க, எதிரிகள் வந்துபோவார்கள். இங்கே நாயகன் மாறிக்கொண்டிருக்க, எதிரிகள் நிலைத்திருக்கிறார்கள். தொடரின் நினைவைத் தலைமுறை தாண்டிச் சுமந்து வருபவர்கள் அவர்களே. அவர்களில் யார் திரும்பி வந்தார்கள், எப்படி வந்தார்கள், யாரால் திரும்ப முடியாமல் போயிற்று என்று பார்த்தால், இவ்வளவு நீண்ட தொடர் எப்படி உயிர் வாழ்கிறது என்பது விளங்கும்.

டாலெக்குகள்

தொடரை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவராக இருந்த கனடாக்காரர் சிட்னி நியூமன். குழந்தைகள் வரலாற்றையும் அறிவியலையும் கதைவழியே அறிய வேண்டும் என்பது அவரது நோக்கம். பிதுங்கிய கண்களோடு அலையும் மலிவான விண்வெளி அரக்கர்கள் தொடரில் தலைகாட்டக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் இரண்டாவது கதைக்கான முறை வந்தபோது முழுமையாகத் தயாராக இருந்தது டெரி நேஷன் எழுதிய கதை ஒன்றுதான். அணுப்போரில் அழிந்த ஸ்காரோ என்ற கோளில், கதிர்வீச்சால் உருத்திரிந்த உயிர்கள் உலோகக் கவசங்களுக்குள் ஒடுங்கி வாழ்கின்றன என்பது அக்கதையின் கரு. இளம் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் அதற்காக வாதாடினார். 1963 டிசம்பர் 21 அன்று ஒரு டாலெக்கின் கை மட்டும் திரையில் தெரிந்தது. அடுத்த வாரம் முழு உருவமும் தெரிந்தது. அந்தக் கதை முடிவதற்குள் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.

டாலெக்கின் வெற்றியில் சரிபாதி வடிவமைப்பாளர் ரேமண்ட் கியூசிக்குக்கு உரியது. மனிதன் ரப்பர் உடை மாட்டிக்கொண்டு நடக்கும் அரக்கனாக அது தெரியக் கூடாது என்பதில் எழுத்தாளரும் அவரும் ஒரே கருத்தில் இருந்தனர். தரையைத் தொடும் பாவாடை அணிந்து, கால் அசைவது தெரியாமல் வழுக்கிச் செல்லும் ஜார்ஜிய நாட்டு நடனக் கலைஞர்களைப் போல அது நகர வேண்டும் என்பது நேஷனின் விருப்பம். உள்ளே ஒருவர் உட்கார்ந்து காலால் தள்ளி நகர்த்தும்படி கியூசிக் கூட்டை வரைந்தார். கை கால் இல்லை, முகமும் இல்லை. ஒற்றைக் கண்தண்டு, ஒரு துப்பாக்கி, குழாய் அடைப்பு நீக்கும் ரப்பர் கிண்ணத்தைப் போன்ற ஒரு கை. நடிகரின் குரலை மின்னணுக் கருவி வழியே செலுத்தி, வெட்டி வெட்டிப் பேசும் இயந்திரக் குரலாக்கினார்கள். பார்ப்பவர் பரிவு கொள்வதற்கான பிடிமானம் அந்த உருவத்தில் எங்குமே இல்லை. டாலெக் தரும் அச்சத்தின் மூலம் அதுதான்.

வேல்ஸில் பிறந்த நேஷனின் இளமை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழிந்தது. நாஜிகளை மனதில் வைத்தே டாலெக்குகளைப் படைத்ததாக அவர் கூறியிருக்கிறார். தம் இனத்தைத் தவிர வேறெந்த உயிரும் வாழத் தகுதியற்றது என்ற ஒற்றை நம்பிக்கையில் இயங்குபவை அவை. 1964 இறுதியில் ஒளிபரப்பான இரண்டாவது டாலெக் கதையில் அவை லண்டனைக் கைப்பற்றி, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின்மேல் நகர்ந்தன. போர் முடிந்து இருபது ஆண்டுகூட ஆகாத நேரம் அது. ஆக்கிரமிக்கப்பட்ட பிரிட்டன் எப்படி இருந்திருக்கும் என்று பெற்றோர் அடக்கி வைத்திருந்த கேள்வி, பிள்ளைகளின் சனிக்கிழமை மாலைக் கதையில் கண்முன் நின்றது. கடைகளில் டாலெக் பொம்மைகள் குவிந்தன. பீட்டர் குஷிங் நடிப்பில் 1965இலும் 1966இலும் இரண்டு திரைப்படங்கள் வந்தன.

தொடர் உயிர் பிழைத்ததிலும் டாலெக்குகளுக்குப் பங்கு உண்டு. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966 அக்டோபரில் விலகி, பேட்ரிக் டிரவுட்டன் அந்த இடத்துக்கு வந்தார். முற்றிலும் வேறு முகம், வேறு வயது, வேறு நடத்தை. மக்கள் அவரை அதே ஆளாக ஏற்பார்களா என்பது பெரும் ஐயமாக இருந்தது. அவரது முதல் கதையான ‘டாலெக்குகளின் வலிமை’யில், உடன் பயணித்தவர்களே இவர் டாக்டர்தானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, ஒரு டாலெக் அவரை அடையாளம் கண்டுகொள்கிறது. எதிரி அறிந்துகொண்டபின் பார்வையாளருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. நாயகன் மாறினாலும் தொடர் தொடர முடியும் என்று நிறுவிய அந்தக் கதையின் ஒளிப்பதிவு முழுவதும் பின்னாளில் அழிந்துபோனது. மிஞ்சியிருந்த ஒலிப்பதிவைக் கொண்டு 2016இல் அது அசைவூட்டப் படமாக மீட்டெடுக்கப்பட்டது.

ஒரே மிரட்டலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் உயிர்களை வைத்து எத்தனை கதை எழுத முடியும்? 1975இல் வெளிவந்த ‘டாலெக்குகளின் தோற்றம்’ இதற்கு விடை கண்டது. நேஷன் எழுதிய அந்தக் கதையில் டாலெக்குகளைப் படைத்த டாவ்ரோஸ் என்ற விஞ்ஞானி முதன்முறையாக வருகிறான். பேச, வாதாட, ஆசை காட்ட, ஏமாற்ற ஒரு மனித வாய் டாலெக்குகளுக்குக் கிடைத்தது. மைக்கேல் விஷர் அடங்கிய குரலில் நடித்த அந்தப் பாத்திரம், இனவெறிக் கொள்கை ஓர் அறிவாளியின் மேசையில் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்டியது. அதே கதையில் டாலெக் இனத்தையே முளையில் அழிக்கும் வாய்ப்பு டாக்டரின் கைக்கு வருகிறது. இரண்டு மின்கம்பிகளை இணைத்தால் போதும். ஓர் இனத்தையே அழித்தால் தாமும் அவர்களைப் போல ஆகிவிடுவோமே என்று அவர் தயங்கி நிற்கும் காட்சி, தொடரின் அறவியல் மையமாக இன்றும் பேசப்படுகிறது. 2015இல் வந்த கதை அந்தத் தயக்கத்தின் மறுபக்கத்தைத் தொட்டது. போர்க்களத்தில் சிக்கிய சிறுவன் டாவ்ரோஸை ஒருமுறை கைவிட்டு நகர்ந்த டாக்டர், திரும்பிச் சென்று அவனைக் காப்பாற்றுகிறார். இரக்கம் என்ற கருத்தே டாலெக்குகளின் மொழிக்குள் அந்தச் செயலால்தான் நுழைந்தது என்று கதை சொல்கிறது.

2005இல் தொடரைப் புதுப்பித்த ரஸ்ஸல் டி டேவிஸ் எண்ணிக்கையைக் குறைத்து அச்சத்தைக் கூட்டினார். ராபர்ட் ஷியர்மன் எழுதிய ‘டாலெக்’ அத்தியாயத்தில், அமெரிக்காவில் நிலத்துக்கு அடியில் ஒரு கோடீஸ்வரர் வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் சங்கிலியால் பிணைத்த ஒரே ஒரு டாலெக் இருக்கிறது. படியேற முடியாது, கையில் இருப்பது வெறும் ரப்பர் கிண்ணம் என்றெல்லாம் பிரிட்டிஷ் மக்கள் பல்லாண்டுகளாகச் செய்துவந்த கேலியை அந்த அத்தியாயம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொலைக்கருவியாக மாற்றியது. 2010இல் டாலெக்குகளைப் பருமனாக்கி, பளிச்சென்ற வண்ணங்களில் மறுவடிவம் செய்தபோது ரசிகர்கள் ஏற்கவில்லை. புது வடிவம் விரைவில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கதையை எத்தனை விதமாகவும் மாற்றலாம், கியூசிக் வரைந்த கோட்டுருவைத் தொடக் கூடாது என்பது அன்று தெளிவாயிற்று.

சைபர்மேன்கள்

டாலெக் வெளியிலிருந்து வரும் பகை என்றால், சைபர்மேன் மனிதனே ஆகிவிடக்கூடிய ஒன்று. இதை உருவாக்கிய கிட் பெட்லர், லண்டன் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அறிவியலாளர். தொடருக்கு அறிவியல் ஆலோசகராக வந்தவர். பழுதான உறுப்புகளுக்குப் பதிலாகச் செயற்கை உறுப்புகளைப் பொருத்திக்கொண்டே போனால், எந்தப் புள்ளியில் மனிதன் மனிதனாக இருப்பது நின்றுபோகும் என்ற கேள்வி அவரை அலைக்கழித்தது. கதைப் பதிப்பாசிரியர் ஜெரி டேவிஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘பத்தாவது கோள்’ 1966 அக்டோபரில் ஒளிபரப்பானது. உலகின் முதல் மனித இதய மாற்று அறுவைச் சிகிச்சை தென்னாப்பிரிக்காவில் நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1967 டிசம்பரில்.

மொண்டாஸ் என்பது பூமியின் இரட்டைக் கோள். அங்கே அழிவின் விளிம்பில் இருந்த மக்கள் பிழைப்பதற்காக உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் வலியையும் உணர்ச்சியையும் மூளையிலிருந்து அகற்றினார்கள். முதல் கதையில் வந்த சைபர்மேன்களின் முகம் துணியால் மூடியிருந்தது. கைகள் மட்டும் மனிதக் கைகளாகவே விடப்பட்டிருந்தன. வாய் திறந்தபடி அசையாமல் நிற்க, ஏற்ற இறக்கம் தப்பிய ஒரு குரல் உள்ளிருந்து வரும். அடுத்தடுத்த கதைகளில் உடல் முழுவதும் வெள்ளியுலோகம் ஆயிற்று. பார்வைக்கு அது கம்பீரமாக இருந்தது. ஆனால் உள்ளே ஒரு மனிதன் இருந்தான் என்ற நினைவு மங்கி, 1970களிலும் 80களிலும் சைபர்மேன்கள் படையெடுத்து வரும் சாதாரண இயந்திரங்களாகத் தேய்ந்தார்கள். அக்காலத்தின் சிறந்த சைபர்மேன் கதை 1982இல் வந்தது. டாக்டருடன் பயணம் செய்த அட்ரிக் என்ற சிறுவன் அதில் உயிரிழக்கிறான். அன்று அத்தியாயத்தின் முடிவில் வழக்கமான இசை ஒலிக்கவில்லை. பெயர்ப் பட்டியல் மௌனத்தில் நகர்ந்தது.

புதிய தொடர் பெட்லரின் கேள்விக்கே திரும்பியது. 2006ஆம் ஆண்டுக் கதை இணை உலகம் ஒன்றில் நடக்கிறது. அங்குள்ள மக்கள் காதில் மாட்டிய கருவி வழியே செய்தியையும் நகைச்சுவைத் துணுக்கையும் நேரடியாக மூளைக்குள் இறக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கருவியை விற்ற நிறுவனமே அவர்களை வரிசையில் நிறுத்தி சைபர்மேன்களாக மாற்றுகிறது. உறுப்புமாற்றுச் சிகிச்சை குறித்து 1966இல் எழுந்த பயம், விரும்பி வாங்கி அணிந்துகொள்ளும் தொழில்நுட்பம் குறித்த பயமாக மாறியிருந்தது. ஸ்டீவன் மொஃபட் எழுதிய 2017ஆம் ஆண்டுக் கதை துணிமுகம் கொண்ட பழைய உருவத்தை மீட்டு வந்தது. ஒரு மருத்துவமனையில் முகத்தில் கட்டுப் போட்ட நோயாளிகள், தம் வலியைப் பேச்சுக் கருவிகள் வழியே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். செவிலியர் வந்து குறைப்பது அவர்களின் வலியை அல்ல, கருவியின் ஒலியளவை. உணர்ச்சியை அகற்றுவது என்றால் என்ன என்பதை அறுபது ஆண்டுகளில் தொடர் இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் சொன்னதில்லை. மனிதர் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் சைபர்மேன்களும் தனித்தனியே தோன்றிவிடுகிறார்கள் என்று அக்கதை விளக்கியது. பல கதைகள் சொன்ன வெவ்வேறு தோற்றக் கதைகளும் அதனால் பொருந்திப் போயின.

மாஸ்டர்

1970களின் தொடக்கத்தில் தயாரிப்பாளர் பேரி லெட்ஸும் கதைப் பதிப்பாசிரியர் டெரன்ஸ் டிக்ஸும் டாக்டருக்குச் சமமான ஒரு தனிமனித எதிரியை நாடினார்கள். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மோரியார்ட்டி எப்படியோ, டாக்டருக்கு மாஸ்டர் அப்படி. டாக்டரின் இனத்தவன், ஒருகாலத்து நண்பன், அதே அறிவும் அதே வகைக் கலமும் உடையவன். டாக்டர் பார்க்க விரும்பும் பிரபஞ்சத்தை இவன் ஆள விரும்புகிறான். 1971 ஜனவரியில் ரோஜர் டெல்காடோவின் நடிப்பில் அறிமுகமான மாஸ்டர் அந்தப் பருவத்தின் ஐந்து கதைகளிலும் வந்தான். நயமான பேச்சு, கருந்தாடி, கண்ணால் கட்டிப்போடும் வசியம், கொலை செய்யும்போதும் குறையாத மரியாதை ஆகியவற்றோடு டெல்காடோ வகுத்த இலக்கணம் இன்றுவரை அளவுகோலாக இருக்கிறது. 1973 ஜூனில் படப்பிடிப்புக்காகத் துருக்கி சென்றிருந்த அவர் கார் விபத்தில் இறந்தார். டாக்டருக்கும் மாஸ்டருக்கும் திட்டமிட்டிருந்த இறுதி மோதல் எழுதப்படாமலே போயிற்று.

1976இல் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய கதையில் மாஸ்டர் அழுகிய உடலோடு திரும்பினான். காலப் பிரபுக்கள் எனப்படும் அந்த இனத்தவர் பன்னிரண்டு முறை மட்டுமே புத்துருக் கொள்ள முடியும் என்ற விதியை அந்தக் கதைதான் வகுத்தது. தன் உயிர்களை எல்லாம் செலவழித்துவிட்டு, இன்னொன்றுக்காக எதையும் செய்யத் துணிந்தவன் என்ற புதுக் காரணம் பாத்திரத்துக்குக் கிடைத்தது. 1981 முதல் 1989 வரை அந்தனி ஐன்லி அவ்வேடத்தை ஏற்றார். பழைய தொடரின் கடைசிக் கதையிலும் டாக்டருக்கு எதிரே நின்றவன் மாஸ்டரே. 1996 திரைப்படத்தில் எரிக் ராபர்ட்ஸும், 2007இல் டெரெக் ஜேகபியும் அவரைத் தொடர்ந்து ஜான் சிம்மும் நடித்தனர்.

மாஸ்டர் புத்துருக் கொள்பவன் என்பதால், டாக்டர் பாத்திரத்தில் துணிந்து செய்ய முடியாததை இங்கே முதலில் செய்து பார்க்க முடிந்தது. 2014இல் மிஷெல் கோமஸ், மிஸ்ஸி என்ற பெயரில் பெண்ணுருக்கொண்ட மாஸ்டராக வந்தார். பார்வையாளர் ஏற்றுக்கொண்டார்கள். ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான், 2017இல். மிஸ்ஸியின் கதை திருந்த முடியுமா என்ற கேள்வியையும் எழுப்பியது. டாக்டரின் பக்கம் நிற்க முடிவு செய்யும் அவளைக் கொல்வது அவளுடைய முந்தைய உருவான ஜான் சிம்மின் மாஸ்டர். அவனைக் கொல்வது அவள். தன் பழைய வெறுப்பாலேயே ஒருவர் வீழ்வதை இப்படிக் காட்ட, ஒரு பாத்திரம் பல உருவங்களில் வாழ்ந்திருக்கும் தொடரால்தான் முடியும். 2020 முதல் 2022 வரை இந்திய வம்சாவளியினரான சச்சா தவான் அந்த வேடத்தை ஏற்றார்.

எதிரியா, அண்டை வீட்டாரா?

1970இல் டாக்டர் பூமியில் சிறைவைக்கப்பட்டவராகக் கதை மாற்றி அமைக்கப்பட்டது. இனி இரண்டே வகைக் கதைகள்தான் எழுத முடியும், வேற்றுக்கிரகப் படையெடுப்பு அல்லது பித்துப்பிடித்த விஞ்ஞானி என்று எழுத்தாளர் மால்கம் ஹல்க் குறைபட்டார். பிறகு அவரே மூன்றாவது வழியைக் கண்டார்: படையெடுப்பவர்கள் வெளியிலிருந்து வராமல், மனிதருக்கும் முன்பே பூமியில் வாழ்ந்தவர்களாக இருந்தால்? அவ்வாறு பிறந்தவர்களே சைலூரியன்கள். பேரழிவுக்கு அஞ்சி நிலத்தடியில் உறங்கப்போன ஊர்வன இனம் விழித்துப் பார்க்கிறது. தன் வீட்டில் குரங்கின் வழித்தோன்றல்கள் குடியேறியிருக்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரு தரப்பிலும் சமாதானத்தைக் கெடுப்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் பேச்சுவார்த்தைக்கு முயன்றுகொண்டிருக்க, அவருடைய நண்பரான ராணுவ அதிகாரி அவர்களது இருப்பிடத்தைத் தகர்த்துவிடுகிறார். இடதுசாரியான ஹல்க், சிறுவர் தொடரில் நில உரிமை பற்றி இவ்வளவு கனமான கேள்வியை வைத்தார். 1972, 1984, 2010 என்று எப்போது இந்த இனமும் அதன் கடல்வாழ் உறவினர்களும் திரும்பினாலும், உடன்படிக்கை கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நழுவிப்போகிறது.

பெயரில் ஒரு பிழை உண்டு. சைலூரியன் என்ற புவியியல் காலம் ஏறத்தாழ 44 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அப்போது ஊர்வன தோன்றவே இல்லை. 1972ஆம் ஆண்டுக் கதையில் டாக்டரே இதைத் திருத்த முயல்கிறார். ஆயினும் பெயர் நிலைத்தது. மனிதருக்கு முன் பூமியில் தொழில் நாகரிகம் ஒன்று இருந்திருந்தால் பாறைப் படிவுகளில் அதன் தடயம் தெரியுமா என்று ஆராய்ந்து 2018இல் ஆடம் ஃபிராங்க், காவின் ஷ்மிட் என்ற இரு அறிவியலாளர்கள் எழுதிய ஆய்வுரைக்குச் ‘சைலூரியன் கருதுகோள்’ என்றே பெயர் வைத்தார்கள்.

செவ்வாய்க் கோளின் ஐஸ் வாரியர்கள் வேறொரு வழியில் மாறினார்கள். பிரையன் ஹேல்ஸின் படைப்பான இவர்கள் 1967இல் பனிப்பாறைக்குள்ளிருந்து விழித்தெழும் முரட்டுப் படைவீரர்களாக வந்தவர்கள். 1972இல் வந்த ‘பெலடானின் சாபம்’ கதையில், கோள்களின் கூட்டமைப்பு ஒன்றில் அவர்கள் பொறுப்புள்ள தூதர்களாக அமர்ந்திருக்கிறார்கள். பழைய நினைவில் டாக்டர் அவர்களையே குற்றவாளிகள் எனச் சந்தேகிக்கிறார். அவரது எண்ணம் தவறாகிறது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் 1973 ஜனவரியில் சேரவிருந்த காலத்தில் வந்த கதை இது. நேற்றைய பகைவரோடு ஒரே மேசையில் அமர வேண்டியிருந்த நாட்டின் மனநிலை அதில் தெரிகிறது. தொடரின் வரலாற்றையே பார்வையாளரின் முன்முடிவாகப் பயன்படுத்தி, அந்த முன்முடிவைக் கதை உடைத்துக்காட்டியது. ஒருமுறை மட்டுமே வந்துபோகும் அரக்கனை வைத்து இதைச் செய்ய இயலாது.

ஒரே வார்ப்பு, பல பயன்

ராபர்ட் ஹோம்ஸ் படைத்த சொன்டாரன்கள் 1973 டிசம்பரில் அறிமுகமானார்கள். போருக்காகவே லட்சக்கணக்கில் நகலெடுத்து வளர்க்கப்படும் குள்ளமான படைவீரர் இனம் இது. எல்லாருக்கும் ஒரே முகம் என்பதால் ஒரே வார்ப்பில் முகமூடிகள் செய்து செலவைக் குறைக்கலாம். கதையிலும் அதற்குப் பொருள் இருந்தது. அவர்களின் ஒரே பலவீனமான இடம் பிடரியில் இருக்கிறது. ஆகவே எதிரிக்கு முதுகு காட்டாமல் நிற்பதே அவர்களுக்குப் பெருமை. போர்ப் பெருமையின் அபத்தத்தைக் காட்டவே பிறந்த இனம் என்பதால், பின்னாளில் ஸ்ட்ராக்ஸ் என்ற வேடிக்கையான உதவியாளராகவும் ஒரு சொன்டாரனால் இயல்பாக வாழ முடிந்தது.

அதே ஹோம்ஸ் 1970 ஜனவரியில் படைத்த ஆட்டான்கள் பிளாஸ்டிக் உருவங்கள். துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகள் உயிர்பெற்று, கண்ணாடியை உடைத்துத் தெருவில் இறங்கும் காட்சி ஒரு தலைமுறைச் சிறுவர்களின் நினைவில் பதிந்தது. 2005இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது முதல் அத்தியாயத்தின் எதிரியாக ஆட்டான்களே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பழைய தொடரை அறியாத பார்வையாளருக்கும் விளக்கம் தேவைப்படாத அரக்கர்கள் அவர்கள். கடைவீதிப் பொம்மை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அழும் தேவதைகள்

புதிய தொடர் உருவாக்கிய எதிரிகளில் பழையவற்றுக்கு இணையாக நிலைத்தவை, 2007 ஜூனில் வந்த ‘பிளிங்க்’ அத்தியாயத்தின் அழும் தேவதைகள். ஸ்டீவன் மொஃபட் எழுதிய இந்தக் கதை அடுத்த ஆண்டு ஹ்யூகோ விருது பெற்றது. இந்தத் தேவதைகள் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது கல். பார்வை விலகிய நொடியில் பாய்ந்துவரும் கொலைகாரர்கள். கண் சிமிட்டுவதுகூட ஆபத்து. அவை தொட்டவர்கள் சாவதில்லை. கடந்த காலத்துக்கு வீசப்பட்டு, தம்மவர்களைப் பிரிந்து, அங்கேயே முதுமையடைகிறார்கள். அவர்கள் வாழாமல் போன நாட்களே தேவதைகளுக்கு உணவு.

அந்த அத்தியாயத்தில் தேவதைகள் அசைவது ஒருமுறைகூடத் தெரியாது; திரையில் வேறு யாரும் பார்க்காத போதும் அவை அசைவதில்லை. தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருப்பவரின் பார்வையும் அவற்றைக் கட்டிப்போடுகிறது என்ற எண்ணம் இதனால் எழுகிறது. அசையாமல் நின்றவை சிலைகள் அல்ல. ஒப்பனை செய்த நடிகைகள். பின்னர் வந்த கதைகள் இவற்றுக்குப் புதுப்புது ஆற்றல்களைச் சேர்த்தன. 2010இல் ஒரு காட்சியில் அவை மெல்லத் தலை திருப்புவதும் காட்டப்பட்டது. பல ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. விதி ஒன்றாக இருக்கும்வரை அச்சம் உறுதியாக இருக்கும்; விதிகள் பெருகினால் அச்சம் கரையும்.

திரும்பி வரும் நண்பர்கள்

எதிரிகள் அளவுக்கு இல்லாவிட்டாலும் நண்பர்களும் திரும்பியிருக்கிறார்கள். 1968இல் ‘அச்சத்தின் வலை’ கதையில் ஒரு கர்னலாக அறிமுகமான லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட், பின்னர் பிரிகேடியராகத் தொடரின் அன்புக்குரிய பாத்திரமானார். நிக்கோலஸ் கோர்ட்னிக்கு முதலில் தரப்பட்டது வேறொரு சிறு வேடம்; கர்னலாக நடிக்க இருந்தவர் விலகியதால் இது அவருக்கு வந்தது. அவர் 2011இல் மறைந்தபின், பிரிகேடியரின் இறப்புச் செய்தியை டாக்டர் தொலைபேசியில் கேட்டு நிலைகுலையும் காட்சி அந்த ஆண்டே தொடரில் இடம்பெற்றது. பிரிகேடியரின் மகள் கேட், தந்தை வழிநடத்திய படைப்பிரிவின் தலைவியாக அவரது இடத்தை நிரப்பினார்.

எலிசபெத் ஸ்லேடன் நடித்த செய்தியாளர் சாரா ஜேன் ஸ்மித் 1973 முதல் 1976 வரை டாக்டருடன் பயணித்தவர். 2006இல் நடுவயதுப் பெண்ணாக அவர் திரும்பியபோது, விட்டுச்செல்லப்பட்டவர்களின் வாழ்க்கை என்னவாகும் என்று தொடர் முதன்முறையாக நேராகக் கேட்டது. இதற்கு நேர்மாறான வகை ரிவர் சாங் என்ற பாத்திரம். 2008இல் அவர் அறிமுகமான கதையிலேயே இறந்துவிடுகிறார். அடுத்தடுத்த சந்திப்புகள் அவரது முந்தைய வாழ்க்கையைக் காட்டிக்கொண்டே போகின்றன. சந்திப்பு ஒவ்வொன்றும் மகிழ்ச்சி, ஒவ்வொன்றும் முடிவை அறிந்த துயரம். காலப்பயணத் தொடரில் மட்டுமே சாத்தியமான மீள்வருகை இது.

திரும்பாதவர்கள்

வராமல் போனவர்களின் பட்டியலும் பாடம் சொல்கிறது. டாலெக்குகளுக்குப் போட்டியாக 1965இல் உருவாக்கப்பட்ட மெக்கனாய்டுகள் கலையகத்தில் நகர்த்தவே கடினமான பெருங்கூடுகளாக இருந்தன. ஒரே கதையோடு நின்றன. 1968இல் வந்த குவார்க்குகளைப் படைத்தவர்கள் மெர்வின் ஹெய்ஸ்மனும் ஹென்றி லிங்கனும். குவார்க்குகளின் வணிக உரிமை யாருக்கு என்பதில் அவர்களுக்கும் பிபிசிக்கும் தகராறு மூண்டது. அதே எழுத்தாளர்கள் படைத்த யெட்டிகளின் வளர்ச்சியும் அதனால் தடைபட்டது. மக்களுக்கு மிகவும் பிடித்திருந்த அந்த இமயமலை உருவங்கள் அதன்பின் 1983இல் சிறு காட்சி ஒன்றில் மட்டுமே முக்கியத்துவத்துடன் வந்தன.

உரிமைப் பிரச்சினை டாலெக்குகளையும் விடவில்லை. வெளியிலிருந்து எழுதிய நேஷனுக்கு அவற்றில் பங்குரிமை இருந்தது. அமெரிக்காவில் தனித் தொடர் எடுக்கும் எண்ணத்தில் அவர் இருந்ததால், 1967இல் ‘டாலெக்குகளின் தீமை’ கதையோடு அவற்றுக்கு முடிவு கட்டப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1972இல்தான் அவை திரும்பின. பிபிசியின் சம்பளக்காரரான கியூசிக்குக்கோ, உலகம் முழுவதும் விற்ற அந்த வடிவத்தில் எந்த உரிமையும் கிடைக்கவில்லை. சிறு தொகை ஒன்று அன்பளிப்பாகத் தரப்பட்டது. கற்பனையின் ஆயுளைச் சில வேளைகளில் ஒப்பந்தத் தாளும் தீர்மானிக்கிறது.

மீள்வருகையின் இலக்கணம்

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிலைத்த எதிரிகளிடம் மூன்று பொதுத்தன்மைகள் தெரிகின்றன. முதலாவது, ஒரே வரியில் சொல்லக்கூடிய கரு: டாலெக் இனவெறி, சைபர்மேன் தன்னை இழந்த மனிதன், மாஸ்டர் அறம் நீங்கிய டாக்டர், சைலூரியன் முதல் குடிகளின் நியாயம், தேவதை பார்வை விலகும் கணம். இரண்டாவது, நிழலைப் பார்த்தே குழந்தை வரைந்துவிடக்கூடிய உருவமோ விளையாடிக் காட்டக்கூடிய விதியோ. மூன்றாவது, காலத்துக்கேற்ப மறுவாசிப்பைத் தாங்கும் நெகிழ்வு. கருவைக் காப்பாற்றிச் சூழலை மாற்றிய கதைகள் வென்றன. உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கருவை மறந்த கதைகள் எதிரிகளைப் பொம்மைகளாக்கின.

மறுவாசிப்பு தொடரின் சொந்தப் பழக்கங்களையும் விட்டுவைப்பதில்லை. தீய அறிவாளியைச் சக்கர நாற்காலியில் காட்டும் வழக்கம் மாற்றுத்திறனாளிகளைப் பற்றித் தவறான எண்ணத்தை விதைக்கிறது என்று கருதிய ரஸ்ஸல் டி டேவிஸ், 2023இல் வந்த குறும்பகுதியில் டாவ்ரோஸை நடமாடும் இளைஞனாகக் காட்டினார். இந்த முடிவு விவாதத்தைக் கிளப்பியது. எனினும் அறுபது வயதுத் தொடர் தன் புகழ்பெற்ற உருவங்களையே கேள்வி கேட்கத் துணிந்திருக்கிறது என்பது நல்ல அறிகுறி. 1975இல் ஒரே ஒரு கதையில் வந்த சுதேக் என்ற எகிப்தியக் கடவுளுருவை 2024இல் அது திரும்ப அழைத்தது. குரல் கொடுத்தவர் அதே நடிகர், கேப்ரியேல் உல்ஃப். தாத்தா சிறுவனாக இருந்தபோது கேட்டு அஞ்சிய குரலைப் பேரப்பிள்ளையும் கேட்டு அஞ்ச முடிந்தது. நாயகனின் முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு தொடர், தன் தொடர்ச்சியை எதிரிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அவர்களும் அதைக் கெடாமல் காத்து வந்திருக்கிறார்கள்.